பிள்ளையார் சுழி போட்ட கார்

அந்த அக்கா எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு பிள்ளையார் சுழி போடுவார். நோட்டின் முதல் பக்கத்தில் போடுவது ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். இவர் பஸ்ஸில் ஏறினால் தூசி படிந்த ஜன்னலில் விரலால் ஒன்று போட்டுவிட்டுத்தான் உட்காருவார். வீட்டுக்குப் புது மிக்சி வந்தால் அதன் அட்டைப்பெட்டியில் போடுவார். ஒருநாள் நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரில் தண்ணீர் கேன் மாற்றியபோது, கேனின் தலையில் ஈரவிரலால் ஒரு சுழி போட்டதை நானே பார்த்தேன். "தண்ணி குடிக்கிறதுக்குமா?" என்று கேட்டேன். "புது கேன் இல்லையா?" என்றார்.

தொடங்குவதில் அவரை மிஞ்ச பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் ஆள் கிடையாது. முடிப்பதில்தான் கொஞ்சம் சிக்கல். அவர் வீட்டில் ஒரு கை மட்டும் வைத்துத் தைத்த ஜாக்கெட் உண்டு. காளான் வளர்க்கக் கட்டிய கொட்டகையில் காளானைத் தவிர எல்லாம் முளைத்தது. அழகுக்கலை வகுப்பில் புருவம் வரை கற்றுக்கொண்டார். இந்தி வகுப்பில் வணக்கம் சொல்லி, பெயர் கேட்பது வரை வந்தார். பதிலுக்கு அவர்கள் என்ன சொன்னாலும் புரியாது. அக்காவின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், "நம்ம கதைய நாமே எழுதலாமே" என்று தொடங்கிவிடுவார். அப்புறம் பாதியில் கிடக்கும்.

அவரைப் பற்றிச் சொல்லும்போது என்னைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. அது சுருக்கமாகவே முடிந்துவிடும். நான் எதையும் தொடங்காத ரகம். தொடங்கினால்தானே தப்பு வரும்? பொறியியல் படித்தேன்; அதை அப்பா தொடங்கி வைத்தார். நீச்சல் கற்றுக்கொள்ளக் கிணற்றடி வரை போய், தண்ணீர் சில்லென்று இருக்குமே என்று படியிலேயே உட்கார்ந்து துணி துவைத்துவிட்டு வந்தவன். படிப்பு முடிந்ததும் வெளியூர்க் கம்பெனிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று நினைத்து, முதலில் நல்லதாக ஒரு போட்டோ எடுத்துக்கொள்வோம் என்று தள்ளிப்போட்டு, அந்த இடைவெளியில் பெரம்பலூரிலேயே ஒரு கேட் (CAD) சென்டரில் பயிற்சியாளராகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டரில் இயந்திர பாகங்களை வரைந்து உருவமாக்கக் கற்றுத்தரும் இடம் அது. செருப்புக் கடைக்கு மாடியில் இருந்தது.

எனக்கு வந்ததெல்லாம் போல்ட்டும் நட்டும்தான். வட்டம், சதுரம், ஆறு மூலை. இதை வைத்து ஓராண்டை ஓட்டிவிட்டேன். சென்டரின் உரிமையாளரை முதலாளி என்று கூப்பிட்டால் முகம் சுருங்கிவிடும். டைரக்டர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். அவர் ஒருநாள் திருச்சியிலிருந்து ஒரு ஃப்ளெக்ஸைச் சுருட்டிக்கொண்டு வந்து இறங்கினார். 'கார் பாடி டிசைன், நாற்பத்தைந்தே நாட்களில்!' என்று சிவப்பில் எழுதியிருந்தது.

"யாரு சார் சொல்லிக்கொடுக்கறது?" என்று கேட்டேன்.

"நீதான்."

"எனக்குத் தெரியாதே சார்."

"அதான் நாப்பத்தஞ்சு நாள் இருக்குல்ல?"

அந்த ஃப்ளெக்ஸை நம்பி இரண்டு மாவட்டத்திலிருந்தும் வந்தது ஒரே ஒருவர். வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, மாடிப்படியின் கைப்பிடியில் விரலால் ஏதோ கிறுக்கிவிட்டு உள்ளே வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்ததும் கல்யாணம், குழந்தை என்று வேலைக்கே போகாமல் இருந்தவர். மகள் அப்போது ஏழாவது படித்தாள். கணவர் அரியலூர்ப் பக்கம் சிமென்ட் லாரி ஓட்டினார்.

"சார் எங்க தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"நான்தாங்க சார்" என்றேன். என் வாயில் அப்படித்தான் வந்தது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி தம்பி சார், ஆரம்பிச்சுடலாமா?" என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுவே பெயர். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன்.

காலையில் போனில் வீடியோ பார்த்து நான் கற்றுக்கொள்வதை மத்தியானம் அவருக்குக் கற்றுக்கொடுப்பது என்று ஏற்பாடு. அரை நாள்தான் நான் அவருக்கு முன்னால் இருந்தேன். அது அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. "தம்பி சார், இந்தப் பாடத்தை நீங்க இன்னும் பாக்கல போலருக்கே. பாத்துட்டு வாங்க, நான் புதினாவுக்குத் தண்ணி ஊத்துறேன்" என்பார். சென்டர் மாடிப்படியில் வெட்டிய கேன்களில் அவர் புதினா நட்டு வைத்திருந்தார். அதையும் இரண்டு வாரத்தில் மறந்துவிட்டார். அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றியது நான்.

கார் உடம்பை வரைவது போல்ட்டு வரைவது போல இல்லை. அதில் நேர்கோடே கிடையாது. காரைப் பக்கவாட்டில் எடுத்த படத்தை ஒரு சுவரிலும், முன்பக்கப் படத்தை அடுத்த சுவரிலும், மேலிருந்து எடுத்த படத்தைத் தரையிலும் ஒட்டியதாகக் கம்ப்யூட்டருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் படங்களின் மேல் கோடு இழுத்து, அவை நடுவெளியில் சந்திக்கும் இடத்தில் வளைவுகளை எழுப்பி, குடைக்கம்பிமேல் துணி போர்த்துவது போல மேலே தகடு போர்த்த வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதல்லவா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் காரில் பக்கவாட்டுப் படத்தை ஒரு அளவிலும் முன்பக்கப் படத்தை வேறு அளவிலும் வைத்துத் தொலைத்தேன். நீளத்தில் கார், அகலத்தில் மினி பஸ். அக்கா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுல எங்க தெருவே ஏறிடலாம்" என்றார். பிறகு அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தார். மூலையில் ஒரு குட்டிப் பிள்ளையார் சுழி வரைந்தார். மவுஸைப் பிடித்து அந்தச் சுழியை வரைவதில் அவருக்கு வந்துவிட்ட நேர்த்தி எனக்கு இன்றுவரை வரவில்லை.

இணையத்தில் கிடைக்கும் கார்ப் படங்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. "யாரோ போட்டதை நாம எதுக்கு ஒத்தி எடுக்கணும்? நேர்ல ஒரு காரைப் படம் புடிப்போம்" என்றார். நான், யோசிக்கலாம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இழுத்தேன். அவர் அதற்குள் படியிறங்கிவிட்டார். அன்று முகூர்த்த நாள். பக்கத்துக் கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. பக்கவாட்டில் எடுத்தோம், முன்னால் எடுத்தோம். மேலிருந்து எடுப்பது எப்படி?

"மொட்ட மாடி இருக்குல்ல?" என்றார்.

முன்பின் தெரியாதவர்களின் கல்யாணத்துக்குள் இருவரும் நுழைந்தோம். நான் சந்தனத்தைப் பூசிக்கொண்டு, பன்னீரைத் தலையில் வாங்கிக்கொண்டு, திருடனைப் போல நடந்தேன். அவர் சொந்த வீட்டுக் கல்யாணம் போல நடந்தார். மொட்டை மாடிச் சுவரில் சாய்ந்து போனைக் கீழே நீட்டிப் படம் எடுத்துத் திரும்பினால், படிக்கட்டில் வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வழிமறித்து நின்றார்.

"நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?"

நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "நாங்க கார் வூடுங்க" என்றார்.

பெரியவர் எங்களை டிரைவர் குடும்பம் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "அப்ப மொதப் பந்தியிலயே உக்காருங்க, அழைப்புக்குப் போவணும்ல" என்று கையைப் பிடித்து இழுத்துப்போய் இலைக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். பாயசம் நன்றாக இருந்தது. பயத்தில் எனக்குத்தான் இறங்கவில்லை. அக்கா இரண்டாவது முறை கேட்டு வாங்கினார்.

அந்த மூன்று படங்களையும் வைத்து எழுப்பிய காரை டைரக்டரிடம் காட்டினோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, காருக்கு என்ன பொன்னுக்கு வீங்கியா?"

பார்த்தால், முன்பக்கம் இரண்டு கன்னமும் உப்பியிருந்தது. கல்யாணக் காரின் முகப்பில் கட்டியிருந்த மாலையையும் சேர்த்துக் கோடு இழுத்திருக்கிறோம். அக்கா இழுத்தார், நான் பக்கத்தில் உட்கார்ந்து, "சூப்பர், இன்னும் கொஞ்சம் வெளிய இழுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா சிரித்த சிரிப்பில் கீழே செருப்புக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் புதிதாக ஒன்று திறந்தார்.

இப்படி எத்தனை முறை திறந்தார் என்பதற்குக் கணக்கில்லை. நானாக இருந்தால் பழைய காரையே தட்டி நிமிர்த்தப் பார்ப்பேன். அவருக்கு அழிப்பதில் துக்கமே கிடையாது. "போனா போவுது, ஆரம்பத்துலேருந்து வரலாம்" என்பார். முகத்தில் ஒரு மலர்ச்சி வேறு வரும். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும். பார்த்தால் எரிச்சலும் வரும். இப்படித் தொடங்கிக்கொண்டே இருந்தால் எப்போதுதான் டயருக்கு வருவது?

ஒரு மத்தியானம், காலையில் பார்த்த வீடியோவிலிருந்து நான் ஒரு பெரிய விஷயத்தைக் கொண்டுவந்தேன். கார் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் பாதி உடம்பை மட்டும் செய்தால் போதும். மிரர் என்று ஒரு கட்டளை கொடுத்தால், கண்ணாடியில் தெரிவது போல மறுபாதி தானே வந்துவிடும்.

"பாதி செஞ்சா போதுங்களா?"

"போதும்க்கா."

"மீதி?"

"அதுவே செஞ்சுக்கும்."

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். "இதை ஏன் தம்பி சார் மொதல் நாளே சொல்லல? இது எனக்குன்னே பொறந்த வேலையாச்சே!"

அந்த மாதக் கடைசியில்தான் விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் பாகங்களை வடிவமைக்கும் ஒரு கம்பெனியில் அவருடன் டிப்ளமோ படித்த தோழி ஒருத்தி இருந்தாள். அங்கே ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை காலைக்குள் நீயே செய்த ஒரு கார் உடம்பை அனுப்பு, பார்க்கச் சொல்கிறேன் என்று போன் செய்திருந்தாள். டயர் வேண்டாம், சீட் வேண்டாம். ஆனால் உடம்பு முழுசாக, எங்கேயும் பிளவில்லாமல், தைத்து மூடியதாக இருக்க வேண்டும். பாதியில் நிற்பதை அனுப்பி மானத்தை வாங்காதே என்று தோழி தெளிவாகச் சொல்லிவிட்டாள். பாலிடெக்னிக்கில் இவருடைய வரைபடத் தாள்களைப் பார்த்தவள் போல.

அக்கா இதை என்னிடம் மாடிப்படியில் உட்கார்ந்துதான் சொன்னார். வழக்கமான சத்தம் இல்லை.

"இதுவும் பாதில நின்னுச்சுன்னா இனிமே எதையும் ஆரம்பிக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன் தம்பி சார்."

"ஏங்க்கா அப்படியெல்லாம்?"

"அவரு கேலி பண்ணுவாரு, சிரிப்பாரு, லாரிய எடுத்துட்டுப் போயிடுவாரு. எம்பொண்ணு இருக்காளே, இப்ப அவளும் சிரிக்கிறா. நேத்து புதுசா ஒரு கோலப்புத்தகம் வாங்கிட்டுப் போனேன். 'இதுல எத்தனை பக்கம்மா போவ?'ங்கறா. போதும்னு தோணிடுச்சு."

இந்த அக்கா எதையும் தொடங்காமல், சுழி போடாமல், ஒரு பஸ்ஸில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. நான் அப்படித்தான் இருந்தேன் என்பதால் அது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை டைரக்டரிடம் கெஞ்சிச் சாவி வாங்கி சென்டரைத் திறந்தோம். சனிக்கிழமையே பாதி உடம்பு முடிந்திருந்தது. நல்ல பாதி. கன்னம் உப்பவில்லை, அகலம் சரியாக இருந்தது. கூரை வளைந்து பின்கண்ணாடியில் இறங்கும் இடம் பார்க்க அழகாக இருந்தது. மிரர் கொடுத்தோம், மறுபாதி வந்து நின்றது. முழுக் கார்! இரண்டு பாதியையும் ஒன்றாகத் தைக்கும் கட்டளையைக் கொடுத்தோம். முடியாது என்றது கம்ப்யூட்டர். திரும்பக் கொடுத்தோம். திரும்பவும் முடியாது என்றது.

காலை முழுக்க நான் பிளவு தேடினேன். கதவடியில் தேடினேன், விளக்குக் குழியில் தேடினேன். பயிற்சியாளர் என்ற கௌரவத்துக்காக நடுநடுவே "ஓஹோ" என்றும் "அப்படியா விஷயம்" என்றும் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் அவர் கணவர் எலுமிச்சைச் சாதத்தோடு வந்தார். கனத்த உடம்பு, மெதுவான பேச்சு. திரையில் காரைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "எங்க வூட்டுல எல்லாத்துக்கும் பிள்ளையார் சுழி இருக்கு சார். சுபம்தான் எதுக்கும் போட்டதில்ல."

அக்கா அவரை முறைக்கக்கூட இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சாதத்தைப் பிசைந்தார். கணவருக்கு அது தாங்கவில்லை. "சும்மா சொன்னேம்மா, சாப்பிடு" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து வைத்தார்.

அப்போதுதான் நான் திரையை உருட்டி, காரை மேலிருந்து பார்த்தேன். கூரைக்கு மேலே, கொஞ்சம் தள்ளி, வெட்டவெளியில் ஈ மாதிரி ஏதோ இருந்தது. பெரிதாக்கினேன். ஈ இல்லை. பிள்ளையார் சுழி.

பக்கவாட்டுக் கோடுகளை வரையும்போது மூலையில் போட்ட அந்தச் சுழி. அந்தக் கோடுகளைத் தகடாக இழுத்தபோது சுழியும் கூடவே இழுபட்டு, ஒரு தகரச் சுருளாக அந்தரத்தில் நின்றிருக்கிறது. மிரர் கொடுத்ததும் ஒன்றுக்கு இரண்டு பிள்ளையாராகிவிட்டது. கார் உடம்பைத் தொடாமல் மிதக்கும் இரண்டு தகரச் சுருளையும் காரோடு சேர்த்துத் தைக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்?

"இதை அழிச்சிட்டா சரியாயிடும்க்கா" என்றேன்.

"நான் அழிக்க மாட்டேன். நீங்க அழிங்க."

இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் அப்பா கோயில் வாசலை மிதிக்காதவர். நானும் டீக்கடையில் நாலு பேர் கூடினால், கடவுள் என்று ஒன்று இல்லை என்பதை உரக்கச் சொல்கிறவன். அப்படிப்பட்ட என் விரல் டெலீட் பட்டனுக்கு மேலே போய் நின்றது. இறங்க மறுத்தது. நாளைக்குக் கம்பெனியில் இவர் காரைப் பார்க்கப்போகிறார்கள், இன்றைக்குப் போய் இதை அழிப்பானேன் என்று உள்ளே ஏதோ ஒன்று இழுத்தது. நான் கணவரைப் பார்த்தேன்.

"அண்ணே, நீங்க ஒரு தட்டு தட்டுங்களேன்."

அவர் இரண்டடி பின்னால் போனார். "நான் லாரி ஓட்றவன் சார். ரோட்லயே கெடக்கறவன். என்னை ஏன் இதுல இழுக்கறீங்க?"

கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு நானே தட்டினேன். உடனே ஒரு பெட்டி எழும்பியது. இந்தக் கோட்டை நம்பி மற்ற கோடுகள் எல்லாம் இருக்கின்றன, இதை அழித்தால் அவையும் அழியும், சம்மதமா என்று கேட்டது. முதலில் வரைந்தது அதுதான் என்பதால், அக்கா காரின் எல்லா அளவுகளையும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார். கூரை எவ்வளவு உயரம் என்றால் சுழியிலிருந்து. சக்கரம் எங்கே என்றால் சுழியிலிருந்து.

அக்கா அதைப் படித்துவிட்டுக் கையைத் தட்டினார். "பாத்தீங்களா! அவரை எடுத்தா எல்லாம் போயிடும்னு கம்ப்யூட்டரே சொல்லுது."

வேண்டாம் என்று கொடுத்து வெளியே வந்தேன். அந்தச் சுழியைப் புள்ளிக்கோடாக மாற்றினால் அது அளவுக்கு மட்டும் இருந்துகொள்ளும், தகடாக மாறாது. ஒரே ஒரு சொடுக்கு. இது கேட் படிக்கிற எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எனக்கு அது சில மாதங்கள் கழித்து, பல் துலக்கும்போது தோன்றியது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், மணி இரண்டைத் தாண்டிவிட்டது, இந்தக் கார் தேறாது என்பதுதான்.

"அக்கா, விட்டுடலாமா?" என்று கேட்டேன்.

அவர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். "எதுக்கு வுடணும்? ஆரம்பத்துலேருந்து வரலாம்" என்றார்.

புதிதாக ஒன்றைத் திறந்தார். சுழியைத் தனியாக வேறு ஒரு சுவரில் போட்டார். அதோடு எந்தக் கோட்டையும் ஒட்டவிடவில்லை. பிறகு கார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்யச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் அதைச் செய்து முடித்திருந்தார். படங்கள் சுவரில் ஏறின, அளவு பொருந்தியது, கூரைக்கோடு ஒரே இழுப்பில் விழுந்தது. எத்தனை முறை தொடங்கிய கார்! அதன் தொடக்கம் முழுவதும் அவர் கைக்குள் இருந்தது. கணவர் நாற்காலியைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும், "அந்த மூக்க லேசா எறக்கு, எதுர் காத்து அடிக்கும்" என்றார். அக்கா இறக்கினார்.

வெளிச்சம் மஞ்சளாகும் நேரத்தில் பாதி முடிந்தது. மிரர் கொடுத்தார். தைக்கச் சொன்னார். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எந்தச் சிவப்புக் குறியும் காட்டாமல், காரை ஒரே உடம்பாக்கித் தந்தது. நான் குதித்தேன். கணவர் எழுந்து நின்றுவிட்டார். அக்கா அசையவில்லை.

"இப்ப என்ன தம்பி சார் செய்யணும்?"

"அனுப்பணும்க்கா. அவ்வளவுதான்."

"அனுப்பிட்டா முடிஞ்சிடுமா?"

"முடிஞ்சிடும்."

மெயிலில் காரை ஏற்றி, தோழியின் முகவரியைப் போட்டு, நான் நகர்ந்துகொண்டேன். அவர் மவுஸைப் பிடித்தார். விட்டார். திரும்பவும் பிடித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குழந்தை கேட்பது போலக் கேட்டார்: "சைடு கண்ணாடி ஒண்ணு இருந்தா எடுப்பா இருக்கும்ல? அதை மட்டும் ஆரம்பிச்சுடட்டுமா?"

முகத்தில் அந்த மலர்ச்சி இல்லை. பயம் இருந்தது. முடிப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கம் போனதே இல்லை. இத்தனை நாளாக அவருக்குப் பாடம் என்று நான் சொன்னதில் முக்கால்வாசி தப்பு. உருப்படியாகச் சொன்னது இது ஒன்றுதான்: "வேண்டாம்க்கா. அனுப்புங்க."

கண்ணை மூடிக்கொண்டு சொடுக்கினார். பிறகு முகத்தைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதார். கணவர் என்ன செய்வது என்று தெரியாமல் காலியான சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து திறந்து மூடினார்.

அக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். முழுக் காருக்கு இல்லை. சக்கரத்துக்கு மேலே உள்ளே மறைந்திருக்கும் ஒரு தகட்டுக்கு. வெளியே யாருக்கும் தெரியாத தகடு. அதற்கே ஒரு தனிப் பிரிவு இருக்கிறதாம். மகள் வருடக் கடைசி வரை அரியலூரில் அம்மாயிப் பாட்டி வீட்டில் இருந்து படிப்பாள் என்று ஏற்பாடு செய்துவிட்டு, அவர் ஒரு பையோடு பஸ் ஏறினார். நான் வழியனுப்பப் போனேன். அப்போதும் என்னிடம், "தம்பி சார், புதினாவ பெரிய தொட்டிக்கு மாத்துங்க" என்று ஒரு வேலையைத் தொடங்கிவைத்துவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு டைரக்டர் ஃப்ளெக்ஸை மாற்றினார். அக்காவின் காரைப் பெரிதாகப் போட்டு, கீழே 'எங்கள் தலைமைப் பயிற்சியாளர் உருவாக்கியது' என்று அடித்துவிட்டார். தலைமைக்கும் கடைசிக்கும் சேர்த்து அங்கே இருந்த ஒரே பயிற்சியாளர் நான். எத்தனையோ முறை எடுத்துவிடச் சொன்னேன். "இருக்கட்டும்ப்பா, பாக்க நல்லாருக்கு" என்றார். ஃப்ளெக்ஸைப் பார்த்துப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் போல்ட்டும் நட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த வருடம் ஒரு காலை, பதினொரு மணி வாக்கில் அவர் போன் செய்தார்.

"தம்பி சார், இங்க இன்னும் ரெண்டு பேரு எடுக்கறாங்க. உங்க பேரச் சொல்லியிருக்கேன். உங்க கார் ஒண்ண அனுப்புங்க."

"எங்கிட்ட கார் இல்லக்கா."

"ஃப்ளெக்ஸ்ல பாத்தேன்னு எங்க வூட்டுக்காரரு சொன்னாரே?"

"அது உங்களோடது."

"உங்களோடதுன்னு ஒண்ணு?"

"ஒண்ணும் செஞ்சதில்லக்கா. பாக்கலாம், அடுத்த வாரம் ஒரு நல்ல படமா எடுத்து..."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு அதிலேயே ஒரு மாதத்தை ஓட்டியிருப்பேன்.

"இப்ப கம்ப்யூட்டர் முன்னாடிதான உக்காந்திருக்கீங்க?" என்றார்.

"ஆமாக்கா."

"புதுசா ஒண்ணு தொறங்க. நான் போன வெக்கல."

"அக்கா, உங்களுக்கு வேலை நேரம்..."

"தொறங்க தம்பி."

சார் போய்விட்டது. வெறும் தம்பி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மவுஸைப் பிடித்தேன். அந்தப் பக்கம் யாரோ ஒரு பெண் குரல் அவரை மீட்டிங்குக்குக் கூப்பிடுவது கேட்டது. அக்கா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவளிடம் சொன்னார்:

"நீங்க போயிட்டிருங்க. இங்க ஒண்ணு ஆரம்பிக்குது."